ஏகப்பன் இல்லாத சீசன்

இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து என் போன் அடித்தாலே எனக்கு எரிச்சல் வரும். எடுத்தால், சம்பந்தம் நல்லாயிருக்கியா என்று ஒரு பேச்சுக்குக்கூட யாரும் கேட்கமாட்டார்கள். ஏகப்பனுக்குக் கால் எப்படி இருக்கிறது, மே மாதத்துக்குள் எழுந்து வந்துவிடுவானா என்பதுதான் முதல் கேள்வி. டீக்கடையில் கேட்டார்கள். என் பட்டறைக்கு மூக்குத்தி பற்றவைக்க வந்த பெண் கேட்டாள். என் மாமனார் கேட்டார். அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து ஒரு கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. நானும் அதே டீமில் பதினாறு வருஷமாக ஆடுகிறவன், கேப்டன் வேறு. எனக்கும் இரண்டு முட்டி இருக்கிறது, அதில் ஒன்று மழைக்காலத்தில் விண்விண் என்று தெறிக்கும். அதை ஒரு ஜீவன் கேட்டதில்லை.

எங்கள் கிளப்புக்குப் பெயர் செஞ்சுடர் கூடைப்பந்துக் கழகம். காரைக்குடியில் ஒரு சிமெண்ட் கோர்ட், இரண்டு கம்பம், விடிகாலை ஐந்தரைக்கு வருகிற பத்துப் பன்னிரண்டு பேர், இவ்வளவுதான் கழகம். ஆட்டத்துக்கு யாரும் சம்பளம் வாங்குவதில்லை. நான் நகை ஆசாரி. செம்மலை மொபைல் கடையில் இருக்கிறான். செயலாளர் முத்துராமலிங்கம் சார் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். கோடை லீவு விட்டதும் ஊர் ஊராக டோர்னமெண்ட் நடக்கும், ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும். அதுதான் எங்களுக்கு சீசன். நடத்துகிறவர்கள் அழைப்பு அனுப்பினால்தான் போய் ஆட முடியும். எங்களுக்கு அழைப்பு வருவதே ஏகப்பனால்தான். போன வருஷம் ஐந்து ஊரில் ஆடி மூன்று கோப்பை வாங்கி வந்தோம்.

அவனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மனசு ஒப்பாமல்தான் சொல்கிறேன். சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் கடலை விதைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அப்பா இல்லை. பாலிடெக்னிக் படிக்கக் காரைக்குடிக்கு வந்தவன், அம்மா ராக்காயியையும் கூட்டி வந்து வாடகை வீட்டில் வைத்துக்கொண்டான். இப்போது பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம் எங்கள் கோர்ட்டு வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆறடி மூன்று அங்குலம். தம்பி, ஆடுறியா என்று அவனை உள்ளே கூப்பிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். என் வாயிலேயே நாலு போட வேண்டும்.

அதுவரைக்கும் அந்த டீமில் கூடை போடுகிறவன் நான். ஆறே மாதத்தில் அவன் போடுகிறவன், நான் பாஸ் கொடுக்கிறவன் என்று ஆகிவிட்டது. இதற்கு யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடவில்லை. பந்தை அவனிடம் கொடுத்தால் ஜெயித்தோம், நானே போட்டால் பாதி நாள் தோற்றோம். கேப்டன் என்கிற முறையில் நானே அவனிடம் கொடுத்துப் பழகிவிட்டேன். கொடுக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு இடத்தில் சுருக் என்று குத்தும்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். கோப்பை வாங்கும்போது மைக்கில், அண்ணன் குடுத்தாக, நான் போட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவான். என் மகள் நிவேதாவின் காதுகுத்துக்கு முந்தின நாளே வந்து பந்தலுக்குக் கம்பு ஊன்றினான், மறுநாள் பந்தி முடிகிற வரைக்கும் வாளி தூக்கினான். இப்படிப்பட்டவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் பாவம் நமக்குத்தான். தெரிந்துதான் பட்டேன்.

போன வருஷம் மூன்று கோப்பை வாங்கியதற்கு முத்துராமலிங்கம் சார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார். பத்தடிக்கு எட்டடி. ஏகப்பன் ஆகாயத்தில் நிற்கிறான், பந்து கையில் இருக்கிறது. அந்தப் படத்தில் நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெட்டி ஒட்டியதில் என்னுடைய ஒரு முழங்கை மட்டும் மிஞ்சியிருந்தது. என் மனைவி அகிலா ஸ்கூட்டியை நிறுத்தச் சொல்லி அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, அந்த முழங்கை உங்க முழங்கைதானே? தழும்பு தெரியுது பாருங்க" என்று பெருமையாகச் சொன்னாள். அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். நான் ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

இந்த வருஷம் பொங்கலுக்குத் திருப்பத்தூரில் ஒரு டோர்னமெண்ட். மூன்றாவது குவார்ட்டரில் நான் ஒரு பாஸ் கொடுத்தேன். நல்ல பாஸ், அதில் ஒரு குற்றமும் இல்லை, யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஏகப்பன் எம்பிப் போட்டான், பந்து உள்ளே விழுந்தது, அவன் வலது காலில் இறங்கினான். முட்டி உள்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன். அவன் போட்ட சத்தத்தில் கூட்டம் மொத்தமும் அடங்கிவிட்டது. நான் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். சம்பந்தண்ணன் அழுதாக என்று இன்றைக்கும் பயல்கள் சொல்கிறார்கள். நான் அழவில்லை. துண்டுக்குள்ளே எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா என்று இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் மூடினேன்.

மதுரையில் காட்டினார்கள். தசைநார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், ஒன்பது மாதத்துக்கு ஓடக்கூடாது என்றார் டாக்டர். ஊரெல்லாம் ஒரே பேச்சு, பயலுக்குக் கண்ணு பட்டுருச்சு என்று. ராக்காயி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, போறவாற கண்ணு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். கொல்லன் கண்ணு, ஆசாரி கண்ணு என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. சொல்லவில்லை. வாங்க தம்பி என்று கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

பிப்ரவரியில் கழகக் கூட்டம் நடந்தது. முத்துராமலிங்கம் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஏகப்பன் இல்லாமல் இந்த சீசன் எப்படிப் போகும் என்பதுதான் பேச்சு. போன வருஷம் நாங்கள் போட்ட பாயிண்டில் பாதிக்குமேல் அவனுடையது. உயரத்துக்கு இனி செம்மலைதான். ஐந்தடி பதினொன்று இருப்பான், ஆனால் பந்து கைக்கு வந்தால் சூடான இட்லியை வாங்கியவன் மாதிரி தடுமாறுவான். இந்த வருஷம் எங்கேயும் போக வேண்டாம், போய் அசிங்கப்படுவானேன் என்று சார் சொன்னார். நான் எழுந்து, போகணும் என்றேன். நானே போடுகிறேன், செம்மலை கூடைக்குக் கீழே நின்று ரீபவுண்ட் எடுக்கட்டும், மற்றவர்கள் ஓடட்டும் என்று சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்து நாலு வயதில் இவனுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த ஒரு சீசன் மட்டும் எனக்கு வேண்டும். அடுத்த வருஷம் அவன் வந்துவிடுவான். அதற்குள் ஒரு கோப்பை, ஒரே ஒரு கோப்பை, அவன் இல்லாமல் வாங்கியது என்று ஊர் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து நான் ஐந்தரைக்குப் பதிலாக ஐந்து மணிக்கே கோர்ட்டுக்குப் போனேன். தினமும் இருநூறு பந்து போட்டேன். விரல் நுனியெல்லாம் தேய்ந்து, பட்டறையில் கம்பி இழுக்கும்போது எரிந்தது. அகிலா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, இந்தக் கூத்தெல்லாம் கல்யாணமான புதிதில் ஏன் ஆடவில்லை என்று கேட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ராக்காயி பட்டறைக்கு வந்தார். மகன் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தான். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளி அரைஞாணை என் முன்னால் வைத்தார். ஏகப்பன் தவழுகிற வயதில் கட்டியிருந்தது. மகனுக்குக் கால் சரியானால் மாரியம்மனுக்கு வெள்ளியில் கால் செய்து போடுவதாக வேண்டியிருக்கிறாராம், சரியாகிற வரைக்கும் காத்திருக்க மனசு கேட்கவில்லையாம், பங்குனித் திருவிழாவிலேயே போட்டுவிட வேண்டுமாம். கோயில் வாசலில் விற்கிற தகடு காகிதம் மாதிரி இருக்கிறது, அதெல்லாம் அம்மன் கண்ணுக்குத் தெரியாது என்றார்.

"அவன் மேல உசுரா இருக்கிற கையி செய்யணும் தம்பி. அதான் உங்ககிட்ட வந்தேன். வலது காலு. மறந்துறாதீக, அம்மனுக்குக் குழப்பம் வந்துரக்கூடாது."

சரிம்மா என்று வாங்கி வைத்தேன். வேறு என்ன சொல்ல முடியும்? யார் திரும்பி வரக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருநூறு பந்து போடுகிறேனோ, அவன் காலை நானே உட்கார்ந்து தட்ட வேண்டும். பத்து நாள் அந்த அரைஞாணைத் தொடவில்லை.

நடுவில் பள்ளத்தூரில் ஒருநாள் ஆட்டம் ஒன்று வந்தது. நாலே டீம், கோப்பையெல்லாம் கிடையாது. ஏகப்பன் இல்லாமல் நாங்கள் இறங்கிய முதல் ஆட்டம். நான் இருபத்தொரு பாயிண்ட் போட்டேன். கழுத்தறுத்தாலும் இதைப் பொய் என்று சொல்லமாட்டேன், இருபத்தொன்று. ஜெயித்தோம். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் மெதுவாக நடந்தேன், யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று. முத்துராமலிங்கம் சார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "சம்பந்தம், ஏகப்பன் இல்லாமயே இப்படின்னா, அவனும் இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்றார்.

மறுநாள் காலையில் பட்டறையில் அந்த வார்த்தைதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்துத்தான் அரைஞாணை எடுத்தேன். உருக்கி, அடித்து, உள்ளங்கை நீளத்துக்குத் தகடாக்கினேன். இந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. தகட்டை அரக்கின் மேல் முகம் கீழே இருக்கும்படி ஒட்டிவிட்டு, முதுகுப்பக்கத்தில்தான் உளி வைத்துத் தட்டுவோம். முதுகில் தட்டுவது முகத்தில் புடைத்து எழும்பும். அதனால் முதுகில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். பிள்ளையார் தும்பிக்கை, அம்மன் கையிலிருக்கிற கிளி என்று எதுவானாலும் மாற்றி வரைவது கைக்குத் தானாக வரும். இருபது வருஷமாகத் தட்டுகிற கை இது. அன்றைக்கு மனசு முழுக்க, அவனும் இருந்திருந்தா, அவனும் இருந்திருந்தா என்று ஓடியதில், வலது காலை வலது காலாகவே முதுகில் வரைந்து தட்டிவிட்டேன்.

அரக்கைச் சூடுகாட்டித் தகட்டைக் கழற்றித் திருப்பினேன். அழகான கால். முட்டி, கெண்டைச்சதை, நகம் வரைக்கும் சுத்தமாக விழுந்திருந்தது. ஆனால் பெருவிரல் இருக்க வேண்டிய பக்கத்தில் சுண்டுவிரல் இருந்தது. இடது கால்.

உருக்கித் திரும்ப அடிக்க ஒரு பொழுது போதும். நான் உருக்கவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இது அம்மன் செய்த வேலையாக இருக்கட்டுமே என்று ஒரு கேவலமான எண்ணம் வந்தது. வலது கால் குணமாவதற்கு அம்மன் ஏன் இடது காலை வாங்கிக்கொள்கிறாள், அவளுக்கே அவசரமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சாயங்காலம் ராக்காயி வந்தார். மஞ்சள் துணியில் வைத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம்மகன் காலு மாதிரியே இருக்கு தம்பி, நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பைக் கை செய்தது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டது நான்.

பங்குனியில் தகடு உண்டியலுக்குள் போய்விட்டது. எனக்கு அதன் பிறகு ஏகப்பன் வீட்டுப் பக்கம் போகக் கால் வரவில்லை. கோர்ட்டில் மட்டும் பேய் மாதிரி ஆடினேன்.

ஏப்ரல் வந்தது, அழைப்பு வரவில்லை. நடத்துகிறவர்களுக்கு எங்கள் சாரே போன் போட்டார். எல்லோரும் கேட்டது அந்த ஒரே கேள்விதான், ஏகப்பன் வாராப்லயா? மூன்று ஊரில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியாகப் பட்டுக்கோட்டைப் பக்கத்து டோர்னமெண்ட்காரர்கள் கேட்டபோது, வாராப்ல, கட்டாயம் வாராப்ல என்று சார் சொல்லிவிட்டார். வந்து பெஞ்சில் உட்காருவான் என்பதைச் சொல்லவில்லை. ஆக என்னுடைய சீசனே அந்த ஒரு டோர்னமெண்ட்தான். அதுவும் அவன் பெயரைச் சொல்லி வாங்கியது.

மே மாதம் இரண்டாவது வாரம் ஏகப்பன் ஊன்றுகோலோடு எங்களுடன் பஸ் ஏறினான். அந்த ஊரில் இறங்கியதும் பையன்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். செல்ஃபி எடுத்தார்கள். ஆடுகிற ஐந்து பேர் ஷூ கயிறு கட்டிக்கொண்டு ஓரமாக நின்றோம். ஒருவன் என்னிடம் வந்து போனை நீட்டினான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவன் ஏகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அண்ணே ஒரு போட்டோ எடுத்து விடுங்க என்றான்.

முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். ஒன்றில் பத்தொன்பது போட்டேன், அடுத்ததில் இருபத்து நாலு. அரையிறுதிக்கு வந்தோம். கோயம்புத்தூர்ப் பக்கத்து டீம், எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பயல்கள். கடைசி நிமிஷம் வரை விடாமல் துரத்தினோம். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. அவர்கள் ஒரு பாயிண்ட் முன்னால். ஒன்பது செகண்ட் இருக்கிறது, பந்து என் கையில். இரண்டு பேர் என் மேல் விழுந்தார்கள். கூடைக்குக் கீழே செம்மலை தனியாக நின்றான். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பெஞ்சிலிருந்து ஏகப்பன் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு, செம்மலை, செம்மலை என்று தொண்டை கிழியக் கத்தினான்.

எனக்குக் கேட்டது. செம்மலை நிற்பதையும் பார்த்தேன். அங்கேயிருந்து அவனால்கூடத் தவறவிட முடியாது, கொடுத்தால் ஜெயித்துவிடுவோம் என்றும் தெரியும். ஜெயித்தால், ஏகப்பன் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெயிக்க வைத்தான் என்று நாளைக்கு ஃப்ளெக்ஸ் வரும் என்பதும் தெரியும். நானே எம்பிப் போட்டேன். பந்து வளையத்தில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது.

விசில் ஊதிவிட்டார்கள். நான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். சார் குனிந்து உட்கார்ந்திருந்தார். செம்மலை தரையில் படுத்துவிட்டான். ஏகப்பன் மட்டும் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கண் சிமிட்டுகிற நேரத்துக்கு ஒரு நிம்மதி வந்து போனது. அப்பாடா என்கிற முகம். அடுத்த நொடி அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவன் காலை நீட்டி உட்கார முன் சீட்டு கொடுத்திருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறந்தாங்கி தாண்டியதும் அவன்தான் ஆரம்பித்தான்.

"அண்ணே, அந்தப் பந்து வெளிய விழுந்தப்ப, எனக்கு ஒரு நொடி நல்லா இருந்துச்சுண்ணே."

"பாத்தேன்" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினான். பள்ளத்தூர் ஆட்டத்தில் நான் இருபத்தொன்று போட்டதைச் செம்மலை போனில் சொன்ன அன்று, அம்மா வைத்த சோற்றை அவன் தொடவில்லையாம். இந்த டோர்னமெண்டில் நான் போடப் போட அவனுக்கு உள்ளே காந்தியதாம். நாம இல்லாமலே இவுக ஜெயிச்சுருவாகளோ என்று பயந்தானாம். சொல்லிவிட்டு, நீங்க எனக்கு எவ்வளவு செஞ்சிருக்கீக, எனக்கு இப்படி ஒரு புத்தி என்று அழுதுவிட்டான்.

நான் அவனைத் தேற்றியிருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷமாக நான் தனியாக எரிந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து ஒரு ஆள் வயிறெரிந்து சோறு தின்னாமல் கிடந்தான் என்று கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அதுவும் ஏகப்பன். கோப்பை வாங்கியிருந்தால்கூட மனசு அவ்வளவு குளிர்ந்திருக்காது. அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. உன் அம்மா போட்ட வெள்ளிக் காலில் ஒரு தப்பு இருக்கிறது என்று தொடங்கினேன்.

"இடது காலு. தெரியும்ணே. வீட்டுல காட்டுனப்பவே விரலப் பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏண்டா அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அம்மா வேற ஆசாரியிடம் போகும், ஊரெல்லாம் விசாரிக்கும், உங்களுக்கு அசிங்கம் என்று விட்டுவிட்டேன் என்றான். பாருங்கள், அங்கேயும் நல்லவனாகிவிட்டான். சற்றுமுன் வந்த சந்தோஷம் பாதி அவிந்துபோனது.

ஊருக்கு வந்த அன்றே என் பட்டறை வெள்ளியை எடுத்து வேறு ஒரு கால் தட்டினேன். மாற்றி வரைந்தேன். விரலை மூன்று முறை எண்ணினேன். எடுத்துக்கொண்டு ராக்காயி வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தை வைத்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். முதலில் போட்டது இடது கால், தப்பு என்னுடையது, இது சரியானது என்று நின்றபடியே சொன்னேன். அவர் கை நின்றது.

"தெரிஞ்சு செஞ்சீகளா தம்பி, தெரியாமச் செஞ்சீகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். மகனுக்கே தெரிந்துவிட்ட பிறகு அம்மாவிடம் என்ன பொய்.

"செய்றப்ப தெரியாதும்மா. உங்க கையில குடுக்குறப்ப தெரியும்."

ராக்காயி திட்டுவார் என்று காத்திருந்தேன். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப இத என்கிட்டத் தராதீக. நீங்களே கொண்டுபோயிப் போடுங்க. போடுறப்ப வாயத் தொறந்து கேளுங்க. மனசுக்குள்ள கேக்காதீக."

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் பிள்ளையைத் தோளில் போட்ட ஒருத்தி, பின்னால் கல்யாணமாகாத ஒரு பெண்ணும் அவள் அப்பாவும். உண்டியலுக்கு முன் வந்ததும் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாய் வரவில்லை. பின்னாலிருந்து நகருங்க என்றார்கள். ஏகப்பன் கால் சரியாகணும் ஆத்தா என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த சீசனுக்கு அவன் வரணும், பழையபடி எம்பணும் என்று அழுதுகொண்டே கேட்டேன். அத்தனையும் மனசாரக் கேட்டேன். கேட்டுவிட்டுத் தகட்டை உள்ளே போடும்போது, கையோடு இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். அவன் திரும்பி வந்து ஆடுகிற முதல் ஆட்டத்தில் அவனைவிட நான் ஒரு பாயிண்ட், ஒரே ஒரு பாயிண்ட், கூடப் போடணும். அதை மட்டும் மனசுக்குள் கேட்டேன்.